மேப்பில் வராத வேன் ரூட்டுகள்: பெரிய நகரங்களில் எப்படிப் போய் வருகிறீர்கள்?

வெளியூர்க்காரி கேட்டது:

வணக்கம் நண்பர்களே. வேலை காரணமாகப் புதுப்புது நகரங்களில் சில வாரங்கள் தங்க வேண்டி வருகிறது. அடுத்தது கென்யாவின் நைரோபி, அங்கிருந்து தான்சானியாவின் தார் எஸ் சலாம். மெட்ரோவும் அரசுப் பேருந்தும் ஓடுகிற ஊர்களில் எனக்குக் கவலையே இல்லை. மேப்பைத் திறந்து இடத்தைப் போட்டால் எந்தப் பஸ், எத்தனை மணிக்கு, எங்கே மாற வேண்டும் என்று எல்லாமே வந்துவிடும்.

தனியார் மினிவேன்களையும் ஷேர் டாக்சிகளையும் நம்பி ஓடுகிற நகரங்களில்தான் சிக்கல். ஒரு நகரத்தில் நான் வைத்திருந்த ஆப் 'பொதுப் போக்குவரத்து வழி எதுவும் இல்லை' என்று காட்டிக்கொண்டிருந்தது. என் கண்ணெதிரே வரிசையாக வேன்கள் ஆள் ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. இன்னொரு ஊரில் மேப் ஒரு நிறுத்தத்தைக் காட்டியது. போய்ப் பார்த்தால் பலகையும் இல்லை, காத்து நிற்கும் ஆட்களும் இல்லை. கொஞ்ச தூரம் தள்ளி ஒரு நடைமேம்பாலத்துக்குக் கீழேதான் எல்லோரும் ஏறினார்கள்.

டாக்சியிலேயே போய் வா என்கிறார்கள் அலுவலகத்தில். எனக்கு அதில் இஷ்டமில்லை. அந்த ஊர்க்காரர்கள் போகிற மாதிரி போனால்தான் ஊர் பிடிபடும். இந்த மாதிரி வண்டிகளுக்கு மேப்பை எப்படிப் பயன்படுத்துவது? அது காட்டுவதில் எதை நம்பலாம்? இருட்டிய பிறகு என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ரூட்பித்தன்:

நைரோபியில் தொடங்குவது நல்லதுதான். இந்த மாதிரி வண்டிகளை மேப்பில் ஏற்றுகிற வேலையில் அந்த ஊர் மற்ற ஊர்களுக்கெல்லாம் முன்னால் போனது. நான் வேறு சில நகரங்களில் வேன் ரூட்டுகளை ஜிபிஎஸ்ஸில் பதிவு செய்யும் குழுக்களோடு வேலை பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆப் ஏன் தடுமாறுகிறது என்பது முதலில் தெரிய வேண்டும். பஸ் வழியை எந்த ஆப்பும் தானாகக் கண்டுபிடிப்பதில்லை. யாராவது தரவாகக் கொடுக்க வேண்டும். அந்தத் தரவுக்கான பொது வடிவத்தின் பெயர் ஜிடிஎஃப்எஸ். 2005-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து அமைப்பான ட்ரைமெட்டும் கூகுளும் சேர்ந்து ஆரம்பித்தது. பிரித்துப் பார்த்தால் வெறும் எழுத்துக் கோப்புகள்தான். நிறுத்தங்களுக்கு ஒன்று, ரூட்டுகளுக்கு ஒன்று, எந்த வண்டி எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்பதற்கு ஒன்று. ஒரு நிர்வாகம் இருக்கிறது, அது அட்டவணை போடுகிறது, வண்டி அதன்படி ஓடுகிறது என்ற நினைப்பில் செய்த வடிவம் அது. நைரோபியின் மட்டாட்டு வேன்களுக்கு அப்படி ஒரு நிர்வாகம் கிடையாது. வண்டிகள் தனித்தனி ஆட்களுடையவை. சாக்கோ என்கிற கூட்டுறவுச் சங்கங்களுக்குள் ஓடுகின்றன. முனையத்தில் ஆள் நிரம்பினால் கிளம்பும். நெரிசல் என்றால் பக்கத்துத் தெருவில் புகுந்து வெளியே வரும். இதை 8:05, 8:20 என்று எழுதச் சொன்னால் யார் எழுதுவது?

எழுதினார்கள். நைரோபி பல்கலைக்கழகம், அமெரிக்காவின் எம்ஐடி, கொலம்பியா பல்கலைக்கழகம், குரூப்ஷாட் என்ற வடிவமைப்பு நிறுவனம் நான்கும் சேர்ந்து டிஜிட்டல் மட்டாட்டூஸ் என்ற திட்டத்தை 2012 வாக்கில் எடுத்துக்கொண்டன. மாணவர்கள் கையில் போனோடு வேனுக்கு வேன் ஏறி இறங்கி, 130-க்கும் மேற்பட்ட ரூட்டுகளைப் பதிவு செய்தார்கள். 2014 ஜனவரியில் மெட்ரோ வரைபடம் மாதிரி பல நிறக் கோடுகளில் ஒரு வரைபடம் வந்தது. தரவையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து விட்டார்கள். 2015-இல் கூகுள் மேப்ஸிலும் அந்த ரூட்டுகள் ஏறின. அந்த வரைபடத்தைத் தேடி எடுத்து ஒரு முறை நன்றாகப் பாருங்கள். வருடங்கள் ஓடிவிட்டன, சில ரூட்டுகள் மாறியிருக்கும். ஆனாலும் பார்த்ததும் ஒரு விஷயம் புரிந்துவிடும்: ஏறக்குறைய எல்லாக் கோடுகளும் நகர மையத்துக்கே வந்து சேர்கின்றன. கிழக்குப் புறநகரில் இருந்து மேற்குப் புறநகருக்குப் போக வேண்டுமென்றால் பெரும்பாலும் மையத்துக்கு வந்து, இறங்கி, நடந்து, வேறு முனையத்தில் வேறு வண்டி பிடிக்க வேண்டும். ஆப்பில் தெரியும் நுணுக்கங்களை விட இந்த ஒரு படம் உங்களுக்கு அதிகம் உதவும்.

சரி, எதை நம்பலாம் என்று கேட்டீர்கள். ஒரு நிறுத்தம் மேப்பில் எப்படி ஏறுகிறது என்று சொன்னால் பதில் விளங்கிவிடும். நான் பதிவு செய்யப் போகும்போது கண்டக்டருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்துகொள்வேன். போன் மடியில் இருக்கும். சில நொடிக்கு ஒரு முறை ஜிபிஎஸ் ஒரு புள்ளி வைக்கும். முன்னால் ஒரு நடைமேம்பாலம் தெரியும். கண்டக்டர் வண்டியின் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவார். டிரைவர் வேகத்தைக் குறைப்பார், ஆனால் முழுதாக நிறுத்த மாட்டார். இரண்டு பேர் குதித்து இறங்குவார்கள், ஒரு பாட்டி ஏறுவார், அவருடைய மூட்டை பின்னாலேயே வரும். நான் பொத்தானை அழுத்தும்போது வண்டி மறுபடி ஊர ஆரம்பித்திருக்கும். புள்ளி பாலத்தைத் தாண்டி விழும். அடுத்த வண்டியில் பாலத்துக்கு முன்னால் விழும். இப்படிப் பல வண்டிகளில், பல நேரங்களில் விழுந்த புள்ளிகளை ஒன்றாகப் போட்டுப் பார்த்து, கூட்டமாக விழுந்த இடத்துக்கு நடுவே ஒன்றை வைத்து 'நிறுத்தம்' என்று பெயர் கொடுப்போம். நீங்கள் பலகையைத் தேடிப் போய் ஆளில்லாத இடத்தில் நின்றதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். புள்ளி பொய்யில்லை, ஆனால் அதற்கு நாலா பக்கமும் கொஞ்சம் தூரம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

நேரம் அதைவிட மோசம். அட்டவணை இல்லாத ரூட்டுக்கு 'காலை 6 முதல் 9 வரை பத்து நிமிடத்துக்கு ஒன்று' என்று இடைவெளியாகக் கொடுக்க ஜிடிஎஃப்எஸ்ஸில் இடம் உண்டு. நடுவில் உள்ள நிறுத்தங்களின் நேரத்தைத் தூரத்தை வைத்து ஈவு போட்டு நிரப்புகிறார்கள். ஆகவே இப்படிப்பட்ட ரூட்டில் 7:42-க்கு வண்டி என்று ஆப் காட்டினால் அது கணக்குப் போட்டு வந்த எண். அந்த நேரத்துக்கு ஒரு வண்டி கிளம்புகிறது என்று அர்த்தமில்லை. அதை வைத்துக் கூட்டத்துக்கு நேரம் குறிக்காதீர்கள். எனக்குப் பழக்கமான வழி: அதே தூரத்துக்கு அதே நேரத்தில் கார் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று மேப்பில் பார்ப்பேன். நெரிசலையும் சேர்த்துத்தான் அது சொல்லும். அதன் மேல் ஏற்றி இறக்கும் நேரத்தைக் கூட்டிக்கொள்வேன், முனையத்தில் ஏறுவதாக இருந்தால் வண்டி நிரம்பும் நேரத்தையும். காலை நெரிசலில் வண்டி சட்டென்று நிரம்பும், மதியத்தில் உட்கார்ந்தே இருக்கும்.

கோடு மட்டும் ஓரளவு உறுதியானது. எந்தப் பெரிய சாலையில் எந்த ரூட் போகிறது என்பது சீக்கிரம் மாறாது. அதனால் கோட்டை நம்புங்கள், நிறுத்தத்தை ஏறக்குறைய நம்புங்கள், நேரத்தை விட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இந்தத் தரவுக்கு உள்ளேயே ஒரு முடிவு தேதி எழுதியிருக்கும். தேதி முடிந்ததும் புதுப்பிக்க ஆள் இல்லையென்றால் ஆப்கள் அந்த ரூட்டுகளைக் காட்டுவதை நிறுத்திவிடும். வண்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். 'வழி எதுவும் இல்லை' என்று உங்களுக்கு வந்ததும் இப்படி இருக்கலாம், அல்லது அந்த ஊர் ரூட்டுகளை யாரும் பதிவே செய்யாமல் இருந்திருக்கலாம். பணம் இருந்த வரை ஒரு குழு பதிவு செய்யும், பணம் தீர்ந்ததும் ஊர் மறுபடி வெற்றிடமாகிவிடும். பாடுபட்டுச் சேர்த்த ரூட்டுகள் இப்படிக் காணாமல் போவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதே இல்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். நான் ஆப்பிடம் 'எப்படிப் போவது' என்று கேட்பதில்லை. 'நான் எங்கே இருக்கிறேன்' என்று மட்டும் கேட்பேன். எப்படிப் போவது என்பதைச் சொல்ல வண்டியிலும் முனையத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆப்பை விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். வெளியூர்க்காரருக்கு இல்லாதது, தான் எங்கே இருக்கிறோம், எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறோம் என்ற ஒரே ஒரு தெளிவுதான். அதைத் தர ஜிபிஎஸ் போதும். டேட்டா கூடத் தேவையில்லை. கிளம்பும் முன் தங்கும் இடத்தில் வைஃபையில் அந்த நகர மேப்பை ஆஃப்லைனுக்கு இறக்கிக்கொள்ளுங்கள். கூகுள் மேப்ஸ் ஆஃப்லைனில் பொதுப் போக்குவரத்து வழியைச் சொல்லாது, கார் வழியைத்தான் சொல்லும். ஆனால் நீலப் புள்ளி நகர்வது தெரியும், நமக்கு வேண்டியது அதுதான்.

வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. சேர வேண்டிய இடத்தில் ஒரு பின் வையுங்கள். நீங்கள் வரப்போகும் சாலையிலேயே அதற்கு அரை கிலோமீட்டர் முன்னால் இன்னொரு பின் வையுங்கள். புள்ளி இரண்டாவது பின்னைத் தொட்டதும் 'இறங்கணும்' என்று குரல் கொடுக்கலாம். கூட்டமான வேனில் பின் இருக்கையில் இருந்து கதவுக்கு வரவே நேரம் பிடிக்கும். அப்புறம் சாட்டிலைட் படத்தைப் போட்டு, பின் வைத்த இடத்தின் சுற்றுப்புறத்தைப் பாருங்கள். ரவுண்டானா, பெட்ரோல் பங்க், நடைமேம்பாலம், சந்தை இதில் ஏதாவது இருந்தால் வண்டி அங்கேதான் நிற்கும். முனையங்களும் சாட்டிலைட் படத்தில் தெரியும். உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் உள்ள பழைய டாக்சி பார்க்கை மேலிருந்து பாருங்கள். கட்டடங்களுக்கு நடுவே ஒரு பள்ளம், அதில் இடைவெளியே இல்லாமல் வெள்ளை வேன்கள். எந்த ஆப்பும் ரூட் காட்டாத ஊரிலும் இந்த மாதிரி வேன் கூட்டத்தைத் தேடினால் முனையம் கிடைத்துவிடும்.

இடத்தின் பெயரை மேப்பில் உள்ளபடி சொன்னால் கண்டக்டருக்குப் புரியாமல் போகலாம். நைரோபி மையத்தில் கென்காம், ஓடியன், ரயில்வேஸ், அம்பாசடர் என்றுதான் முனையங்களைச் சொல்வார்கள். கட்டடம், தியேட்டர், ஹோட்டல் என்று அங்கே இருக்கிற அல்லது இருந்த ஏதோ ஒன்றின் பெயர். கானாவின் தலைநகர் அக்ராவில் குவாமே என்க்ருமா பெயரில் இருந்த ரவுண்டானாவை எடுத்துவிட்டு 2016-இல் மேம்பாலச் சந்திப்பு கட்டினார்கள். ட்ரோ-ட்ரோ வேனில் தொங்கிக்கொண்டு வரும் பையன் இன்றும் 'சர்க், சர்க்' என்றுதான் கூவுகிறான், சர்க்கிள் என்பதன் சுருக்கம். அதனால் தங்கும் இடத்தில் வேலை செய்பவரிடம், 'இந்த இடத்துக்குப் போக வண்டியில் என்ன பெயர் சொல்லணும், எங்கே போய் ஏறணும்' என்று இரண்டையும் கேளுங்கள். கேட்ட பெயரையே மேப்பில் உங்கள் பின்னுக்கு லேபிளாக எழுதிவிடுங்கள். அடுத்த தடவை தேட வேண்டியதில்லை.

வண்டியில் ஏறிய பின் முதல் சில நிமிடம் புள்ளியைக் கவனியுங்கள். கென்யாவிலும் தான்சானியாவிலும் வண்டிகள் இடது பக்கம் ஓடும், அதனால் நமக்குப் பக்கம் குழம்பாது. ஆனால் ஒருவழித் தெருக்களால் வண்டி முதலில் எதிர்த்திசையில் போய்ச் சுற்றி வரும். சட்டென்று பதறி இறங்க வேண்டாம். டேட்டா இருந்தால் மேப்பில் நெரிசல் அடுக்கைப் போட்டுப் பாருங்கள். வழக்கமான சாலை சிவப்பாக இருந்தால் டிரைவர் குறுக்கே புகுந்திருக்கிறார் என்று அர்த்தம், கோட்டுக்குத் திரும்பிவிடுவார். சிவப்பும் இல்லை, பின்னை விட்டு விலகிக்கொண்டே போகிறது என்றால் கண்டக்டரிடம் இடப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். உயரமான கட்டடங்களுக்கு நடுவே புள்ளி ஒரு தெரு தள்ளிக் காட்டும். புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் பெரிதாக இருந்தால் அப்போது அதை நம்ப வேண்டாம்.

தார் எஸ் சலாமில் டாலடாலா என்கிற மினிபஸ்களின் முகப்பில் இரண்டு முனைகளின் பெயரும் எழுதியிருக்கும், உடம்பில் ரூட்டுக்கான நிறப் பட்டை இருக்கும். நிறத்தை ஒரு முறை மனசில் வாங்கிக்கொண்டால் தூரத்தில் வரும்போதே தெரிந்துவிடும். அங்கே 2016-இல் மொரோகோரோ சாலையில் விரைவுப் பேருந்து வந்ததும் அந்தச் சாலையில் ஓடிய டாலடாலாக்களை எடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய பழைய ரூட் படம் எதையாவது இணையத்தில் பார்த்தால் அந்தப் பகுதியை மட்டும் நம்பாதீர்கள். இறங்க வேண்டுமென்றால் 'ஷுஷா' என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். கூச்சப்பட்டால் அடுத்த நிறுத்தம்தான்.

இரவுப்பயணி:

ரூட்பித்தன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், வெளியூர்க்காரி பெண் என்பதால். போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்காராதீர்கள். நெரிசலில் வண்டி நிற்கும்போது வெளியே இருந்து கை நீட்டிப் பிடுங்கிக்கொண்டு ஓடுவது பல பெரிய நகரங்களில் சகஜம். நான் உள்பக்க இருக்கையில் உட்கார்ந்து, லொகேஷன் அலாரம் ஆப்பில் இறங்கும் இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு, போனைப் பைக்குள் வைத்துவிடுவேன். வட்டத்துக்குள் நுழைந்ததும் அதிரும். அதுவரை வெளியே பார்த்து வழியைப் பழகிக்கொள்ளலாம். வழியில் இரண்டு மூன்று அடையாளங்களை மேப்பில் முன்கூட்டியே பார்த்து வரிசையாக மனப்பாடம் செய்து வைத்தால் போனை எடுக்கவே வேண்டியிருக்காது.

இருட்டிய பிறகு மேப்பில் தெரியும் ரூட்டை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆள் குறைந்தால் வண்டி பாதியிலேயே திரும்பிவிடும். கடைசி நிறுத்தம் வரை போகும் என்று மேப் சொல்வது பகலுக்குத்தான் பொருந்தும். ஏறும்போதே 'கடைசி வரை போகுமா' என்று கேளுங்கள். முனையத்திலிருந்து அறை வரை நடக்க வேண்டிய தூரத்தைப் பகலிலேயே நடந்து பார்த்துவிடுங்கள். மேப் காட்டும் குறுக்கு வழி வெளிச்சம் உள்ள வழியா என்று மேப்புக்குத் தெரியாது. ஏறும் முன் லைவ் லொகேஷனை நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவிட்டு ஏறுவது என் வழக்கம். ஏறுகிற வண்டியில் ஏற்கெனவே பெண்கள் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்றும் பார்ப்பேன். இல்லையென்றால் அந்த வண்டியை விட்டுவிடுவேன், அவ்வளவுதான்.

மழை நாளையும் இரவு மாதிரியே நினைத்துக்கொள்ளுங்கள். நைரோபியில் மழை பிடித்தால் கட்டணம் ஏறும், வண்டி கிடைப்பதும் கஷ்டம்.

நேர்வழி:

இவ்வளவு சிரமம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. வாயில் வழி இருக்கிறது, நாலு பேரைக் கேட்டால் போதும். இந்த வண்டிகள் மேப்பே இல்லாமல் எத்தனையோ வருடமாக ஓடுகின்றன. ஜோகன்னஸ்பர்க்கில் மினிபஸ் டாக்சிக்கு விரலால் சைகை காட்டினாலே போதும். ஆள்காட்டி விரலை மேலே தூக்கினால் நகர மையம், கீழே காட்டினால் உள்ளூர். அதை எந்த மேப்பில் ஏற்றுவீர்கள்? அதோடு இன்னொரு பயமும் எனக்கு உண்டு. ரூட்டைப் பதிவு செய்துவிட்டால் நாளைக்கு அதிகாரிகள் அதையே வைத்துக்கொண்டு 'இங்கே நிற்காதே, அங்கே ஓடாதே' என்று அந்த டிரைவர்களைத்தானே விரட்டுவார்கள்?

ரூட்பித்தன்:

நேர்வழி, கேட்பதுதான் முதல் வழி என்று நானும் சொல்கிறேன். ஆனால் மொழி தெரியாதவர், காது கேளாதவர், ஊருக்கு வந்து ஒரு வாரமே ஆன கூலித்தொழிலாளி, தனியாகப் போகும் பெண் இவர்களால் முனையத்தின் கூச்சலில் நாலு பேரைக் கேட்க முடிகிறதா? சைகை விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. கோடு போடும்போது அந்த ரூட்டுக்கு என்ன சைகை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்று நான் ஒவ்வொரு குழுவிலும் சண்டை போட்டிருக்கிறேன். புதிதாக வருபவருக்கு நிறுத்தத்தின் பெயரை விட அது அவசியம்.

உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பதிவு செய்யப் போகும்போது டிரைவர்கள் முதலில் கேட்பதே 'நீ போலீசா, வரிக்காரனா' என்றுதான். அதனால்தான் வண்டி எண், டிரைவர் பெயர், வசூல் எதையும் எழுதக் கூடாது என்று நாங்கள் வைத்திருந்தோம். ரூட்டும் நிறுத்தமும் மட்டும். ஆனால் மேப்பில் இல்லாமல் இருப்பது டிரைவரைக் காப்பாற்றுகிறது என்று நான் நினைக்கவில்லை. புதுச் சாலையோ புது ரயில் பாதையோ திட்டமிடும்போது மேசையில் விரிக்கும் படத்தில் இந்த வண்டிகள் இல்லையென்றால், அவற்றில் போகும் மக்களும் அந்தப் படத்தில் இல்லை. நடைமேம்பாலத்துக்குக் கீழே வண்டி நிற்க ஒரு ஒதுக்கிடம் விட வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. சாலை போட்டு முடித்த பிறகு, அங்கே நிற்பது குற்றம் என்று அபராதம் போடுவார்கள். தரவைத் திறந்து வைத்தால் சங்கத்துக்காரர்களும் அதையே எடுத்துக்கொண்டு போய் 'இத்தனை ரூட் இந்தச் சந்திப்பை நம்பி ஓடுகிறது, இடம் கொடு' என்று கேட்கலாம். பூட்டி வைத்த தரவுதான் ஒரு பக்கத்துக்கு மட்டும் ஆயுதமாகும்.

வரைபடத்தொண்டர்:

எந்த ஆப் போடுவது என்று யாரும் சொல்லவில்லையே. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச மேப்பான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து ஓடும் ஆஸ்ம்ஆண்ட் என்ற ஆப்பைப் போடுங்கள். ஊரை இறக்கிக்கொண்டால் டேட்டா இல்லாமல் எல்லாம் வேலை செய்யும். பொதுப் போக்குவரத்து அடுக்கை இயக்கிவிட்டு ஒரு நிறுத்தத்தைத் தொட்டால், அதன் வழியாகப் போகும் ரூட்டுகள் வரும். ஒரு ரூட்டைத் தொட்டால் கோடு முழுதும் தெரியும். யாராவது தொண்டர் ஏற்றியிருந்தால்தான். அக்ராவில் ட்ரோ-ட்ரோ ரூட்டுகளை இப்படித்தான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்த்தார்கள். பொலிவியாவின் கொச்சபாம்பாவில் ட்ரூஃபி என்ற ஆப் அந்த ஊர் ஷேர் டாக்சிகளுக்காகவே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் உருவானது. மணிலா போனால் சகாய் என்ற ஆப்பைப் பாருங்கள், எந்த ஜீப்னி (அந்த ஊர் ஷேர் வண்டி), பலகையில் என்ன எழுதியிருக்கும் என்று சொல்லும். ஆக, ஊருக்கு ஊர் உள்ளூர்க்காரர்கள் செய்த ஆப் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். உலகம் முழுவதற்கும் ஒரே ஆப் என்று நினைத்துக் கொண்டு போகாதீர்கள்.

ஆஸ்ம்ஆண்டில் பயணப் பதிவு வசதியும் உண்டு. வண்டியில் ஏறியதும் இயக்கிவிடுங்கள், போன் பைக்குள் இருக்கலாம். இறங்கியதும் கோடு தயாராக இருக்கும். அறைக்கு வந்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அந்த ரூட்டை நீங்களே ஏற்றலாம். சாலையை மறுபடி வரைய வேண்டாம். ஏற்கெனவே உள்ள சாலைத் துண்டுகளை வரிசையாகக் கோத்து 'ரூட் ரிலேஷன்' ஒன்று உருவாக்க வேண்டும். வகையில் மினிபஸ் என்றோ ஷேர் டாக்சி என்றோ போட வேண்டும்.

வெளியூர்க்காரி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இரண்டாவது பின் யோசனையும் பகலிலேயே நடந்து பார்ப்பதும் எனக்கு உடனே உதவும். வரைபடத்தொண்டருக்கு ஒரு கேள்வி: நான் ஒரு வண்டியில் ஒரு முறை போய்ப் பதிவு செய்ததை வைத்து ரூட்டை ஏற்றலாமா? அந்த டிரைவர் அன்றைக்கு மட்டும் குறுக்கே போயிருந்தால்?

வரைபடத்தொண்டர்:

ஒரு பயணத்தை வைத்து ஏற்ற வேண்டாம். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று இரு திசையும் தனித்தனியாக வேண்டும்; ஒருவழித் தெருக்களால் இரண்டும் ஒரே கோட்டில் வராது. வேறு நாளில், வேறு வண்டியில் போனதோடு ஒத்துப் பார்த்து, ஒன்றாக வரும் பகுதியை மட்டும் ஏற்றுங்கள். மாறுகிற இடத்தைக் குறிப்பாக எழுதி விடுங்கள், உள்ளூர்த் தொண்டர் யாராவது சரி செய்வார். ஏற்கெனவே அந்த ரூட் இருந்தால் புதிதாக இன்னொன்று போட வேண்டாம், இருப்பதையே திருத்துங்கள்.

ரூட்பித்தன்:

அதோடு, ஏற்றும் முன் கண்டக்டரிடம் கடைசி நிறுத்தம் வரை பெயர்களைச் சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்டால் சொல்வார்கள், பெரும்பாலும் சந்தோஷமாகவே சொல்வார்கள். மதிய நேரத்தில் முனையத்தில் வண்டி நிரம்பக் காத்துக்கொண்டிருக்கும்போது கேளுங்கள். காலையில் அவருக்கு மூச்சு விட நேரம் இருக்காது. பெயரை உங்களுக்குக் கேட்ட மாதிரி எழுதாதீர்கள். அவரிடமே போனைக் கொடுத்துத் தட்டச் சொல்லுங்கள்.